குழாய் இல்லாத மாசு: ஒரு நீர்வடிப்பகுதியை மீட்க அமெரிக்க மாநிலங்கள் கையாளும் முறை, படிப்படியாக

ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் குழாய் வழியே ஆற்றில் விழுகிறது என்றால் பிடிப்பது எளிது. குழாய் யாருடையது என்று தெரியும். உரிமம் வாங்கச் சொல்லலாம், அளவு விதிக்கலாம், மீறினால் அபராதம் போடலாம். அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் இதைத்தான் செய்தது. குழாய்கள் பெரும்பாலும் வழிக்கு வந்தன. வழிக்கு வராதது மழை. வயலில் விழுந்து, உரத்தையும் சாணத்தையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு நூறு வாய்க்கால் வழியே ஆற்றில் சேரும் நீருக்கு யார் பெயரில் உரிமம் எழுதுவது? சட்டத்தின் மொழியில் இது புள்ளியற்ற மூல மாசு. இங்கே சுருக்கமாகப் பரவல் மாசு என்போம். ஆறுகளும் ஏரிகளும் இன்னும் கெட்டுக் கிடப்பதற்கு முதல் காரணமாக அந்நாட்டு மாநிலங்கள் சொல்வது இதைத்தான்.

மாநில நீர்வளத் துறையிலோ மாவட்ட மண்வளப் பாதுகாப்பு அமைப்பிலோ இருந்துகொண்டு ஒரு சிற்றாற்றை மீட்க வேண்டியவர் எந்த வரிசையில் வேலையை எடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி. இத்துறையில் வீணாய்ப் போன பணம் பெரும்பாலும் தொழில்நுட்பம் தெரியாமல் போனதல்ல. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து, பெரிய பரப்பில் நல்ல வேலைகளைத் தூவிவிட்டு, பத்து ஆண்டு கழித்து ஆற்றில் ஏன் மாற்றமில்லை என்று விழித்ததுதான் அதிகம்.

படி 1: சட்டம் கையில் என்ன தந்திருக்கிறது என்று பாருங்கள்

எது புள்ளி, எது பரவல் என்பது இயற்கை போட்ட கோடு அல்ல, சட்டம் போட்டது. நகர மழைநீர் வடிகால் தெரு அழுக்கைத்தான் சுமக்கிறது. ஆனாலும் 1990, 1999 ஆண்டு விதிகளுக்குப் பின் பெரிய நகரங்களும் நகர்ப்புறப் பகுதிகளும் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். ஓர் ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறும் கட்டுமானத் தளமும் அப்படியே. 700 கறவை மாடுகளோ அதற்கு மேலோ அடைத்து வளர்க்கும் இடம் பெரிய கால்நடைப் பண்ணை என்ற வகைக்குள் வரும். ஆனால் அதே பண்ணையின் சாணம் முறைப்படி வயலில் இடப்பட்டு மழையில் வழிந்தால் அது வேளாண் மழைநீர். அதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பாசனத்திலிருந்து திரும்பி வரும் நீருக்கும் விலக்கு.

இந்தக் கோட்டின் மேல் நடந்த வழக்குகளில் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அயோவாவின் டெமாய்ன் நகரக் குடிநீர் வாரியம், ஆற்று நீரில் நைட்ரேட்டை நீக்கச் செலவழித்துச் சலித்துப்போய், 2015-இல் மேல்நிலத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குப் போட்டது. வயலுக்கடியில் புதைந்திருக்கும் வடிகுழாய்கள் புள்ளி மூலம்தான் என்பது அதன் வாதம். 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. அந்த அமைப்புகளுக்குப் பரிகாரம் செய்யும் அதிகாரமே இல்லை என்பது காரணம். வடிகுழாய் புள்ளியா பரவலா என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே வழக்கு முடிந்தது.

ஆக, கூட்டாட்சி அரசு பரவல் மாசுக்குக் கோல் தரவில்லை, காசு தந்தது. 1987-இல் சேர்க்கப்பட்ட 319-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலமும் தன் நீர்நிலைகளை மதிப்பிட்டு, மேலாண்மைத் திட்டம் எழுதி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.விடம் ஒப்புதல் வாங்கி, மானியம் பெறலாம். நாடு முழுவதற்கும் அண்மை ஆண்டுகளில் இது ஏறத்தாழ 17, 18 கோடி டாலர். ஐம்பது மாநிலங்களுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் பிரித்தால் எவ்வளவு மெலிதாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கடலோர மாநிலங்களுக்கு 1990-ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டம் இன்னொரு கடமையையும் வைத்தது: நடைமுறைப்படுத்தக்கூடிய விதிகள் வேண்டும், இல்லையேல் மானியத்தில் ஒரு பகுதி வெட்டு. ஒரிகனின் திட்டத்தை 2015-இல் இப்படித்தான் ஏற்கவில்லை. சிற்றோடைக் கரைகளில் மரம் வெட்டுவதற்கான கட்டுப்பாடு போதவில்லை என்பது அதில் முக்கியமான குறை.

படி 2: ஆற்றைத் தேர்ந்தெடுங்கள், சிறியதாக

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் 1-க்குள், மாநிலம் தன் நீர்நிலைகளை ஐந்து வகையாகப் பிரித்து அறிக்கை தருகிறது. ஐந்தாம் வகை என்பது தரம் கெட்டு, எவ்வளவு மாசு தாங்கும் என்ற சுமைக் கணக்கும் (படி 4) இன்னும் போடப்படாதது. தேடலை அங்கேயும், கணக்குப் போட்டு முடித்த நான்காம் வகையிலும் தொடங்கலாம்.

அளவு முக்கியம். அந்நாட்டு நில அளவை முறையில் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட நீர்வடிப்பகுதி 10,000 முதல் 40,000 ஏக்கர் வரை இருக்கும். அதற்கு மேல் போகாதீர்கள். செய்த வேலை ஆற்றில் தெரிய வேண்டுமென்றால் வேலையின் பரப்பு மொத்தப் பரப்பில் கணிசமான பங்காக இருக்க வேண்டும். மூன்று லட்சம் ஏக்கரில் ஆயிரம் ஏக்கருக்கு, அறுவடைக்குப் பின் வெறும் மண்ணை மூடி நிற்கும் மூடுபயிர் போட்டால் எந்தக் கருவியும் அதைப் பிடிக்காது. கீழ்முனையில் ஏற்கெனவே நீரோட்ட அளவுநிலையம் இருக்கும் ஓடை கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

படி 3: நோயைக் கணக்கிடுங்கள்

மாசின் சுமை என்பது செறிவு, ஓட்டம் இரண்டின் பெருக்கல். லிட்டருக்கு மில்லிகிராமில் செறிவு, விநாடிக்குக் கன அடியில் ஓட்டம், இரண்டையும் பெருக்கி 5.39-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை பவுண்டு என்று வரும். மெட்ரிக் அளவில் கன மீட்டரும் மில்லிகிராமும் என்றால் 86.4-ஆல் பெருக்க, கிலோகிராம் கிடைக்கும்.

இதை வைத்து ஒரு கணக்கு. வெயில் நாளில் ஓடையில் 20 கன அடி ஓட்டம், பாஸ்பரஸ் 0.05 மில்லிகிராம். சுமை 5.4 பவுண்டு. மறுவாரம் பெருமழை, ஓட்டம் 400 கன அடி, பாஸ்பரஸ் 0.6. சுமை 1,294 பவுண்டு. அந்த ஒரு நாள் 240 வெயில் நாளுக்குச் சமம். மாதம் ஒருமுறை, வசதியான செவ்வாய்க்கிழமை காலையில் போய் ஒரு பாட்டில் நீர் எடுத்துவரும் கண்காணிப்பு ஏன் பாஸ்பரஸ் விஷயத்தில் பொய் சொல்கிறது என்பது இதில் அடங்கிவிட்டது. ஓட்டம் ஏறும்போது தானே விழித்து மாதிரி எடுக்கும் தானியங்கிக் கருவி வேண்டும். நீர்மட்டம் ஏறும் பக்கத்தில் அடர்த்தியாகவும், இறங்கும் பக்கத்தில் இடைவெளி விட்டும் எடுக்க வேண்டும். பனி உருகும் வாரங்களில் கருவியைக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வடக்கு மாநிலங்களில் ஆண்டுச் சுமையின் பெரும்பங்கு அப்போதுதான் போகிறது.

கையாளுதலிலும் தவறுகள் நேரும். கரைந்த பாஸ்பரஸ் அளக்க வேண்டுமானால் மாதிரியை எடுத்த 15 நிமிடத்துக்குள் வடிகட்ட வேண்டும். விட்டால் வண்டலோடு ஒட்டியும் பிரிந்தும் எண் மாறிவிடும். மொத்தப் பாஸ்பரஸுக்குக் கந்தக அமிலம் சேர்த்துக் குளிரில் வைத்தால் 28 நாள் தாங்கும். சாணம், மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியாவான ஈ.கோலைக்குச் சில மணி நேரமே உண்டு. ஆய்வகம் மாலையில் மூடுமென்றால் காலையிலேயே எடுத்தாக வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிய தர உறுதித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்காமல் கூட்டாட்சிப் பணத்தில் ஒரு மாதிரிகூட எடுக்கக் கூடாது. பலர் இதை வெறும் காகித வேலை என்று நினைத்து, ஓராண்டுத் தரவை இழந்திருக்கிறார்கள்.

தரவு கைக்கு வந்ததும் சுமை–கால வளைவு வரையுங்கள். பல ஆண்டு ஓட்டங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஒவ்வோர் ஓட்டத்திலும் தரத்துக்குள் நிற்க எவ்வளவு சுமை போகலாம் என்பதைக் கோடாக்கி, எடுத்த மாதிரிகளை அதன் மேல் புள்ளிகளாக வையுங்கள். கோட்டுக்கு மேலே நிற்கும் புள்ளிகள் வெள்ளக் காலப் பக்கத்தில் குவிந்தால் குற்றவாளி மழையோடு வருகிறது: வயல், தெரு, கரை அரிப்பு. வறண்ட பக்கத்தில் குவிந்தால் ஓடைக்குள் இறங்கி நிற்கும் மாடுகளையோ, பழுதான வீட்டுக் கழிவுத் தொட்டிகளையோ, ஒரு குழாயையோ தேடுங்கள். மாதிரியாக்க மென்பொருள்கள் நிறைய உண்டு, உதவவும் செய்யும். ஆனால் இந்த ஒற்றைத் தாள் வரைபடம் தரும் தெளிவை அவற்றில் பல தருவதில்லை.

படி 4: சுமையைப் பங்கிடுங்கள்

நீர்நிலை தாங்கக்கூடிய உச்சச் சுமைக்கு டி.எம்.டி.எல். என்று பெயர். உரிமக்காரர்களின் பங்கு, பரவல் மாசின் பங்கு, பாதுகாப்பு ஒதுக்கு, இம்மூன்றின் கூட்டல் அது. பரவல் மாசு மட்டுமே உள்ள ஆற்றுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி கலிபோர்னியாவின் கார்சியா ஆற்றில் எழுந்தது. பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது.

ஓர் ஏரி ஆண்டுக்கு 20,000 பவுண்டு பாஸ்பரஸ் தாங்கும், இப்போது 32,000 சேர்கிறது என்று கொள்வோம். அதில் சுத்திகரிப்பு நிலையம் விடுவது 4,000. ஒதுக்காக 2,000 எடுத்துவைத்து, நிலையத்தை 3,000-க்குக் குறைத்தால் நிலத்துக்கு 15,000 மிஞ்சும். அதாவது 28,000-ஐ 46 விழுக்காடு வெட்ட வேண்டும். நிலையத்தை அப்படியே 4,000-இல் விட்டுவிட்டால் நிலத்தின் வெட்டு 50 விழுக்காடாகும். காகிதத்தில் எழுதுவது சுலபம். அந்தக் கூடுதல் ஆயிரம் பவுண்டை வயலில் பிடிக்க யாருக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. பரவல் மாசு குறையும் என்று சொல்லி உரிமக்காரருக்கு இடம் கொடுத்தால், அது நிச்சயம் குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த உறுதி காட்ட வேண்டும் என்று இ.பி.ஏ. கேட்பது இதனால்தான்.

இந்த உறுதியை மிகக் கறாராகக் கேட்ட இடம் செசபீக் விரிகுடா. ஆறு மாநிலங்களும் தலைநகர் பகுதியும் சேர்ந்த 64,000 சதுர மைல். 2010 டிசம்பரில் வந்த உச்சவரம்பு: ஆண்டுக்கு நைட்ரஜன் 18.59 கோடி பவுண்டு, பாஸ்பரஸ் 1.25 கோடி, வண்டல் 645 கோடி. ஒவ்வொரு மாநிலமும் செயல்திட்டம் எழுதி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மைல்கல் காட்ட வேண்டும். வேளாண் அமைப்புகள் இதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2015-இல் மேல்முறையீட்டில் தோற்றது. அப்படியிருந்தும் 2025-க்குள் எல்லா வேலைகளும் முடிய வேண்டும் என்ற இலக்கில் நைட்ரஜன் தவறிவிட்டது. மிச்சமிருந்த சுமையில் பெரும்பகுதி வயலில்தான்.

319 பணம் வாங்கும் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் ஒன்பது கூறுகள் இருந்தாக வேண்டும். காரணங்களும் மூலங்களும், எதிர்பார்க்கும் குறைப்பு, எந்த வேலை எந்த இடத்தில், அதற்கான ஆளும் பணமும், மக்களிடம் எடுத்துச்சொல்லும் வழி, கால அட்டவணை, இடைக்கால மைல்கற்கள், முன்னேற்றத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது, கண்காணிப்பு. ஒன்பதில் பெரும்பாலான திட்டங்கள் பொத்தலாவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். "2,000 ஏக்கர் கரையோரப் பட்டை" என்று எழுதியிருக்கும். எந்த ஓடையின் எந்தக் கரையில் என்று இருக்காது.

படி 5: கெட்ட ஏக்கரைக் கண்டுபிடியுங்கள்

நீர்வடிப்பகுதியில் எல்லா நிலமும் சமமாக மாசு தருவதில்லை. சத்து அதிகம் சேர்ந்திருக்கும் மண்ணும், நீர் ஓடைக்குப் போக நேர்வழியும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் அது ஆபத்தான ஏக்கர். கோழி எரு இருபது ஆண்டு கொட்டப்பட்ட மேட்டு நிலம், ஓடைக்குத் தொடர்பில்லை என்றால் பொறுத்திருக்கலாம். சுமாரான மண்ணானாலும் ஓடைக்குள் நேரே இறங்கும் சரிவுக்கு முதலிடம்.

மாசு எதுவென்பதைப் பொறுத்து வழியும் மாறும். வண்டலும் அதோடு ஒட்டிய பாஸ்பரஸும் மேற்பரப்பில் ஓடும். நைட்ரேட் நீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கி, வடிகுழாய் வழியாகவோ நிலத்தடி நீராகவோ வரும். கரைந்த பாஸ்பரஸ் இரண்டு வழியிலும் வரும்; தொல்லை அங்கேதான். உயரத் தரவிலிருந்து சரிவு வரைபடம் எடுத்து, மண் வரைபடத்தையும் மண் பரிசோதனை முடிவுகளையும் அதன் மேல் வைத்தால் முதல் பட்டியல் கிடைக்கும். பிறகு மழை பெய்யும்போதே போய்ப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் சமமாகத் தெரியும் வயலின் மூலையில் முழங்கால் ஆழ ஓடைக்கீறல் திறந்திருக்கும். சாலையடிக் குழாய் ஒன்று இரண்டு வயல்களின் நீரை ஒரே இடத்தில் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அலுவலகத்திலிருந்து பார்த்தால் இவை தெரியாது.

விஸ்கான்சினில் இந்தத் தேர்வுக்கு ஓர் எண்ணே உண்டு. பாஸ்பரஸ் குறியீடு ஒவ்வொரு வயலுக்கும் கணக்கிடப்படுகிறது. பயிர்ச்சுழற்சியின் சராசரி 6-ஐத் தாண்டக் கூடாது, எந்தத் தனி ஆண்டிலும் 12-ஐத் தாண்டக் கூடாது. விவசாயிக்கும் அலுவலருக்கும் பேச ஒரே அளவுகோல் கிடைத்தது இதன் பெரிய நன்மை.

படி 6: வேலையைத் தேர்ந்தெடுங்கள்

வரிசை இதுதான்: முதலில் மாசு உண்டாகாமல் தவிர்ப்பது, அடுத்து வயலிலேயே அடக்குவது, கடைசியாக வயலின் விளிம்பில் பிடிப்பது. விளிம்பில் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியும், புகைப்படத்தில் அழகாக விழும். அதனாலேயே வரிசை தலைகீழாகிவிடுகிறது.

அயோவாவின் 2013 சத்துக் குறைப்பு உத்தி தந்த சராசரிகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுக்கு: உரத்தைப் பொருளாதார உகந்த அளவுக்குக் குறைத்தால் சுமார் 10 விழுக்காடு, கோதுமைக்கு உறவான ரை மூடுபயிர் 31, வடிகுழாய் நீரைச் சுத்திகரிக்கும் மரச்சில்லு வடிகிடங்கு 43, இதற்கென்று அமைத்த ஈரநிலம் 52. ஒரு கணக்குப் போடுவோம். 8,000 ஏக்கர் மக்காச்சோளமும் சோயாவும். ஏக்கருக்கு 25 பவுண்டு நைட்ரேட் இழப்பு என்றால் மொத்தம் இரண்டு லட்சம். அந்த உத்தியில் நிலத்துக்கு வைத்த நைட்ரஜன் இலக்கு 41 விழுக்காடு, அதாவது 82,000 பவுண்டு. மூவாயிரம் ஏக்கரில் ரை போட்டால் 23,250. ஐம்பது ஏக்கர் வீதம் இருபது வடிகிடங்கு தோண்டினால் 10,750. இரண்டாயிரம் ஏக்கரின் நீர் ஈரநிலத்தில் நுழைந்தால் 26,000. ஒன்றன் மேல் ஒன்று விழவில்லை என்று வைத்துக்கொண்டாலும் கூட்டினால் 60,000தான். மீதி 22,000-க்கு இன்னும் 2,840 ஏக்கர் ரை வேண்டும். இருபது இடத்தில் பள்ளம் தோண்டி, இருபது திறப்பு விழா நடத்தி, வந்தது இலக்கில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட.

ஒரே நீரின் மேல் இரண்டு வேலை விழுந்தால் விழுக்காடுகளைக் கூட்டாதீர்கள். ரைக்குப் பின் 69 விழுக்காடு மிஞ்சும். அதில் வடிகிடங்கு 43-ஐ எடுத்தால் மிஞ்சுவது 39. மொத்தக் குறைப்பு 61, 74 அல்ல.

ரை மூடுபயிர்: விதைப்பான் கொண்டு போட்டால் ஏக்கருக்கு 50 முதல் 60 பவுண்டு விதை. அறுவடைக்குப் பின் தாமதமாகப் போட்டால் குளிருக்குமுன் வேர் பிடிக்காது. ஏட்டில் மூடுபயிர், வயலில் வெறும் மண். வசந்தத்தில் மக்காச்சோளம் விதைக்க 10 முதல் 14 நாள் முன்பு அதை அழித்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் அழித்தால் மட்கும் ரை நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், நாற்று நோயும் வரும், விளைச்சல் குறையும். அந்த ஒரு மோசமான ஆண்டுக்குப் பிறகு அந்த விவசாயி திரும்ப ரை போடுவது சந்தேகம். பக்கத்து வயல்காரரும் போட மாட்டார்.

மரச்சில்லு வடிகிடங்கு: வடிகுழாய் நீரை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகத் திருப்பி, மரச்சில்லு நிரப்பிய பள்ளத்தில் ஓடவிடுவது. சில்லின் கார்பனை உண்டு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வளிம நைட்ரஜனாக்கும். பள்ளம் பெரும்பாலும் நூறு அடி நீளம், 10 முதல் 25 அடி அகலம். கூட்டாட்சி வேளாண் துறையின் தர விதிப்படி வடிகால் உச்ச ஓட்டத்தில் குறைந்தது 15 விழுக்காட்டைத் தாங்க வேண்டும், பத்து ஆண்டாவது நீடிக்க வேண்டும். சில்லு அரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை, தூள் இல்லாமல். மருந்தடித்த மரமும் பச்சை இலையும் கலக்கக் கூடாது. தவறுவது எங்கே என்றால், நீர் வேகமாய்ப் போனால் நைட்ரேட் அப்படியே வெளியே வரும். மிக மெதுவாய்ப் போனால் நைட்ரேட் தீர்ந்து, அடுத்ததாக சல்பேட்டைத் தின்னத் தொடங்கி அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் அடித்தால் பள்ளத்தின் வெளிவாயில் உள்ள பெட்டியின் பலகைகளை எடுத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். இன்னொரு குறை இயற்கையிலேயே இருக்கிறது: வடிகுழாய் அதிகம் ஓடுவது வசந்தத்தில், அப்போது நீர் குளிர்ந்திருக்கும், நுண்ணுயிர் மந்தமாகவே வேலை செய்யும்.

கரையோரப் பட்டை: எல்லோருக்கும் தெரிந்த வேலை, எல்லோரும் ஏமாறும் வேலையும் இதுவே. நீர் தகடாகப் பரவி வந்தால்தான் புல் அதை வடிகட்டும். பெரும்பாலான வயல்களில் நீர் ஒரு தாழ்ந்த கோட்டில் திரண்டு, பட்டையை ஓரடி அகலத்தில் வெட்டிக்கொண்டு போய்விடும். ஆண்டுகள் போகப் போக வயல் விளிம்பில் வண்டல் சேர்ந்து சிறு வரப்பு எழும். நீர் பட்டைக்குள் நுழையாமல் அந்த வரப்போடு ஓடி, கிடைத்த ஓட்டையில் பாயும். வரப்பைச் சமன்படுத்துவது பராமரிப்புப் பட்டியலில் இருக்க வேண்டும். வடிகுழாய் உள்ள இடத்தில் நைட்ரேட் பட்டைக்கு மூன்று அடிக்குக் கீழே, பட்டையைத் தொடாமலே ஓடைக்குப் போய்விடும். அங்கே வேண்டியது, குழாயின் நீரைக் கரைக்கு இணையாகப் போட்ட துளைக்குழாயில் விட்டு மண்ணுக்குள் கசியவிடும் நிறைவுற்ற பட்டை.

ஈரி ஏரியின் பாடத்தைச் சொல்லாமல் போக முடியாது. அரிப்பைத் தடுக்க உழாமல் விதைக்கும் முறை மேற்குக் கரையில் பரவியது, வண்டல் குறைந்தது. ஆனால் உரத்தை உழாத மண்ணின் மேல் தூவியதால் பாஸ்பரஸ் மேல் ஓரிரு அங்குலத்தில் தங்கி, கரைந்த வடிவில் மழையோடும் வடிகுழாயோடும் போனது. பாசிக்கு உடனே எட்டுவது கரைந்த பாஸ்பரஸ்தான். 2014 ஆகஸ்டில் ஏரிக்கரை நகரமான டொலிடோவில், பாசியின் நச்சு நீரில் கலந்ததால், ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்குக் குழாய் நீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து, உரத்தை விதையோடு பட்டையாக மண்ணுக்குள் இடுவது. ஒரு மாசுக்குச் செய்த வேலை இன்னொன்றை ஏற்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

மாடுகளுக்கு வேலி போடுவது சீக்கிரம் பலன் தெரியும் வேலை. செசபீக் பகுதியில் கரையிலிருந்து 35 அடி தள்ளிப் போடுவது வழக்கம். வேலிக்கு முன் தண்ணீர்த் தொட்டி. தொட்டி இல்லாமல் வேலி போட்டால் முதல் கோடையிலேயே கதவு திறந்து கிடக்கும்.

படி 7: பணத்தைக் கோர்ப்பது

319 மானியத்தில் கூட்டாட்சிப் பங்கு 60 விழுக்காடு வரை. 40 மாநிலமோ உள்ளூரோ தர வேண்டும். இந்த 40-இல் உழைப்பு நேரம், இயந்திர வாடகை, நன்கொடைப் பொருள் எல்லாம் கணக்கில் வரும். ஆனால் அன்றன்றே எழுதிய நேரப்பதிவு இல்லையென்றால் தணிக்கையில் நிற்காது. இ.பி.ஏ. வழிகாட்டுதலின்படி மாநிலத்துக்கு வரும் தொகையில் பாதியாவது நீர்வடிப்பகுதித் திட்டப் பணிகளுக்குப் போக வேண்டும். உரிமம் கட்டாயப்படுத்தும் எதற்கும் 319 பணத்தைச் செலவிடக் கூடாது. நகர வடிகால் உரிமத்தில் உள்ள வேலையை இதில் எழுதினால் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

இது விதைப்பணம் மட்டுமே. பெரிய தொகை, விவசாயியின் பாதுகாப்பு வேலைச் செலவில் பங்கு தரும் வேளாண் துறையின் ஈக்விப் திட்டத்திலும், நிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டு குத்தகைக்கு எடுத்துப் புல்லும் மரமும் வைக்கும் திட்டங்களிலும், 1987-இலேயே தொடங்கிய மாநிலச் சுழல்நிதிக் கடனிலும் இருக்கிறது. 319-ஐ ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கும் கண்காணிப்புக்கும் வைத்துக்கொண்டு, வேலைக்கான செலவை மற்றவற்றில் இழுப்பதே பயன் தரும் வழி. ஒருங்கிணைப்பாளர் ஐந்தாண்டு அதே ஊரில் இருப்பது எந்த மென்பொருளையும்விடப் பயன்படும். ஆண்டுக்கொருவர் மாறினால் விவசாயியின் சமையலறை மேசையில் பேச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 8: பின்னால் ஒரு விதி

விருப்பத்தின் பேரில் மட்டும் நடத்தினால் விருப்பமுள்ள நல்ல விவசாயிகளே வருவார்கள். கெட்ட ஏக்கர்க்காரர் வர மாட்டார். அதனால் மாநிலங்கள் பலவகையாகக் கோடு போட்டிருக்கின்றன. மின்னசோட்டா 2015-இல் சட்டமாக்கியது: பொது நீர்நிலைகளின் கரையில் சராசரி 50 அடி, எங்கும் 30 அடிக்குக் குறையாத நிலைத்த தாவரப் பட்டை 2017 நவம்பருக்குள், பொது வடிகால்களில் 16.5 அடி, 2018 நவம்பருக்குள். ஈடான வேறு வேலையையும் ஏற்றுக்கொள்ளும். எளிய விதி, வானிலிருந்து படம் எடுத்தே சரிபார்க்கலாம். ஆனால் பட்டைக்கு அடியில் போகும் வடிகுழாயை அது தொடவில்லை.

ஒஹையோ மாநிலம், டொலிடோவில் நடந்ததற்குப் பிறகு, ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில், உறைந்த, பனி மூடிய, நீர் தேங்கிய மண்ணில் உரமும் சாணமும் இடுவதைத் தடுத்தது. அடுத்த 12 மணி நேரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் மழை வர 50 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்று முன்னறிவிப்பு சொன்னால் குருணை உரம் தூவக் கூடாது. வெர்மான்டில் டிசம்பர் 15 முதல் ஏப்ரல் 1 வரை சாணம் பரப்பத் தடை. இந்த வகை விதி சாணம் சேமிக்கும் தொட்டியின் கொள்ளளவோடு சேர்ந்தே வர வேண்டும். தொட்டி மூன்று மாதத்தில் நிரம்பினால், தடை முடிந்த மறுநாள் எல்லோரும் ஈர மண்ணில் ஒரே நேரத்தில் கொட்டுவார்கள்.

விஸ்கான்சினின் விதி வேறு மாதிரி. தரம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஏற்கெனவே நடக்கும் சாகுபடியைக் கட்டாயப்படுத்துமுன் செலவில் 70 விழுக்காடாவது அரசு தர முன்வர வேண்டும். நியாயமானதுதான். நடைமுறையில், நிதி தீரும் இடத்தில் விதியும் நின்றுவிடுகிறது.

மிகத் துணிந்தது புளோரிடா. எவர்கிளேட்ஸ் சதுப்புக்கு மேலே உள்ள கரும்பு, காய்கறி நிலங்கள் 1994 சட்டத்தின் கீழ், அடிப்படைக் காலத்தோடு ஒப்பிட்டு பாஸ்பரஸை 25 விழுக்காடு குறைக்க வேண்டும். அளப்பது தனி வயலில் அல்ல, முழுப் படுகையின் வாயிலில். எல்லோரும் சேர்ந்து ஜெயிக்க வேண்டும் அல்லது சேர்ந்து தோற்க வேண்டும். 25-ஐத் தாண்டியவர்களுக்கு நில வரியில் சலுகையும் தரப்பட்டது. பம்பு ஓட்டத்தைத் தாமதப்படுத்துவது, வாய்க்கால் வண்டலை வாருவது, மண் பரிசோதனைப்படி மட்டும் உரமிடுவது போன்ற வேலைகளுக்குப் புள்ளிகள் உண்டு. 1990-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய எல்லா ஆண்டும் இலக்கு எட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் சதுப்புக்குத் தேவையான 10 பி.பி.பி. (நூறு கோடியில் பத்துப் பங்கு) அளவுக்கு இறங்க அது போதவில்லை. அரசு பல்லாயிரம் ஏக்கரில் சுத்திகரிப்புச் சதுப்புகளைக் கட்ட வேண்டியிருந்தது. முடிவை அளந்து, கூட்டுப் பொறுப்பு வைத்தால் விவசாயிகளே அண்டை வயல்காரரைக் கேள்வி கேட்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

படி 9: மாறியதா என்று அளப்பது

முன், பின் என்று மட்டும் அளந்தால் மழையே முடிவைத் தீர்மானிக்கும். வறண்ட மூன்று ஆண்டு வந்தால் எல்லாத் திட்டமும் வெற்றிதான். இதற்கு மாற்று இணை நீர்வடிப்பகுதி முறை: அருகருகே ஒரே மாதிரியான இரண்டு ஓடைகள், இரண்டையும் ஒரே கருவியால் குறைந்தது ஓரிரு ஆண்டு அளந்து இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்குவது, பிறகு ஒன்றில் மட்டும் வேலை செய்து தொடர்பு எவ்வளவு விலகியது என்று பார்ப்பது. சமன்பாடு ஒட்டும் முன்பே வேலையைத் தொடங்குவது இதில் வழக்கமான தவறு. மானியக் காலக்கெடு தள்ளிவிடும். ஒப்பீட்டு ஓடையின் விவசாயிகள் பார்த்துக் கற்றுத் தாங்களும் ரை போட்டுவிடுவதும் உண்டு. ஊருக்கு நல்லது, புள்ளிவிவரத்துக்கு இடி.

காலதாமதத்தை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வேலி போட்ட ஓடையில் ஈ.கோலை ஓரிரு ஆண்டில் இறங்கலாம். நிலத்தடி வழியாக வரும் நைட்ரேட்டுக்குச் சில ஆண்டு முதல் சில பத்தாண்டு ஆகும். ஏரியடி வண்டலில் உறங்கும் பழைய பாஸ்பரஸ், மேலே எல்லாம் நின்ற பிறகும் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே இடைக்கால மைல்கல் ஆற்றுச் செறிவாக மட்டும் இருக்கக் கூடாது. வடிகுழாய் வாயில் செறிவு, மண்ணின் பாஸ்பரஸ் அளவு, ஓடைப் பூச்சிகளின் கூட்டம் இவையெல்லாம் முன்னதாகவே மாறும்.

எண் இறங்கவே இல்லையென்றால் ஆற்றைத் திட்டுமுன் வேலைகளைப் போய்ப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில், ஒப்பந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும். நீரை வடிகிடங்குக்குத் திருப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பலகைகளை விதைப்புக் காலத்தில் எடுத்தவர் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். வடிகிடங்குக்கு நீர் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். முப்பது அடிப் பட்டை ஆண்டுக்கு ஒரு வரிசையாக உழவுக்குள் போய் இருபத்திரண்டு அடியாகியிருக்கும். நிலம் கைமாறி, புது உரிமையாளருக்கு ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல் இருக்கும். நிற்பது, பழுதானது, இல்லாதது என்று மூன்றாகக் குறித்துக்கொண்டு, பழுதானதைச் சரிசெய்யத் தேதி போடுங்கள். இல்லாதவற்றைச் சுமைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டுத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். மாநில மேலாண்மைத் திட்டத்தின் அடுத்த ஐந்தாண்டுப் புதுப்பிப்பில் ஏற வேண்டியது அந்த எண்தான்.